நோட்டீஸ் அன்னம்

தலைக்குச் சாயம் பூசுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று கண்ணாடி முன்னால் நின்று யோசிக்கிற நம் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். நாமெல்லோரும் காகிதத்தில் கப்பல் விட்டவர்கள், ராக்கெட் விட்டவர்கள். அதோடு நம் காகித வித்தை முடிந்தது. இப்போது என் மகள் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சின்னச் சின்ன முக்கோணங்களாக மடிக்கிறாள். ஒன்றின்மேல் ஒன்றைச் செருகி மயில், பூச்சாடி என்று எழுப்புகிறாள். முப்பரிமாண ஓரிகாமி என்று பெயராம். வீடியோவில் ஒரு பெண் ஒவ்வொரு மடிப்பையும் இரண்டிரண்டு தடவை காட்டுகிறாள். எனக்கும் அம்மாவுக்கும் அப்படிக் காட்ட ஆளில்லை. எங்கள் கையில் இருந்தது உடைந்துபோன ஒரு பறவைதான்.

அது ஓர் ஆடி மாதம். நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் காலனி சின்ன காஞ்சிபுரத்தைத் தாண்டி, வேகவதி ஆற்றுப் பக்கம். அப்பா வேன் ஓட்டினார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு கொரியாக் கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வேலை. விற்கிற வேலை இல்லை, மடிக்கிற வேலை. வாடிக்கையாளர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, அதை எடு, இதைப் பிரி என்று புடவைகளை மலைபோலக் குவித்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டோ எடுக்காமலோ போவார்கள். அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். அடுக்கி முடிப்பதற்குள் அடுத்த கல்யாண வீட்டார் வந்து உட்காருவார்கள்.

அப்பா ஓட்டிய வேனில் போய்வந்த கொரியா அதிகாரியின் மனைவி, ஒருநாள் அப்பாவிடம் ஒரு அன்னத்தைக் கொடுத்தனுப்பினார். முழுக்கக் காகிதம். வெள்ளை உடம்பு, சிறகின் ஓரத்தில் மட்டும் ரோஸ் நிறம், சிவப்பு மூக்கு. மேலெல்லாம் செதில் செதிலாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு வந்ததாக அப்பா சொன்னார். வேனை ஓட்டிக்கொண்டு எப்படி மடியில் வைத்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அதை டி.வி. பெட்டியின்மேல் வைத்து, பாலிதீன் கவர் போட்டு மூடினார். யாரும் தொடக்கூடாது என்றார். தம்பிக்கு நாலு வயது, அவனுக்கு மட்டும் தனியாக இரண்டு தடவை சொன்னார்.

அப்புறம்தான் அந்தச் செய்தி வந்தது. அந்த அதிகாரி ஊருக்குத் திரும்பப் போகிறார். போவதற்கு முன்னால் அவருடைய மனைவிக்குக் காஞ்சிபுரம் கோயிலைப் பார்க்க வேண்டும், டிரைவர் வீட்டில் சாப்பிட வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறார்கள். அப்பா அங்கேயே தலையாட்டிவிட்டு வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் பயந்துபோனார்.

ஏன் பயந்தார் என்று இப்போது புரிகிறது. எங்கள் காலனிக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டுக்காரர், ஓட்டுக் கேட்க வருகிறவர்கள், அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். அம்மாவோ அப்பாவோ இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட ஒருவர் வரப்போகிறார் என்றதும்தான் எனக்கே அது உறைத்தது. போதாததற்கு, அந்த அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் வேலை பெர்மனென்ட் ஆகிவிடும் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்தார். சர்ச்சிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கேட்டு வைத்தார். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். வந்தவர்கள் எதிரில் வராமல் சமையலறையிலேயே இருக்கும்படி அம்மாவிடம் சொன்னார். இங்கிலீஷ் தெரியாமல் எதிரில் நின்றால் கௌரவமாக இருக்காதாம். அப்பா அந்த வாரம் முழுக்க அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போய்விட்டார். சனிக்கிழமைதான் வருவார்.

அவர் போன மறுநாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அம்மா டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, கதவ சாத்திட்டு வா. கோந்து இருக்குதா உங்கிட்ட?"

மடியில் அன்னம் துண்டு துண்டாகக் கிடந்தது. விருந்தாளி வரப்போகிறார்களே என்று கவரை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறாள். கழுத்து கையோடு வந்துவிட்டது. பதறிப்போய் அதைத் திருப்பிச் செருக அழுத்தியதில் மார்பு உள்ளே போய், ஒரு பக்கச் சிறகு உதிர்ந்துவிட்டது.

நான் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் அளவுக்குக் கொஞ்சம் பெரிய முக்கோணம். எங்கேயும் பசை ஒட்டிய அடையாளமே இல்லை.

"இதுல கோந்தே போடலமா."

"அப்பறம் எப்பிடி நின்னுச்சு?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உதிராமல் மிச்சமிருந்த ஒரு சிறகுதான் எங்களுக்குப் பாடப்புத்தகம். அதை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு பக்கம் கூராக இரண்டு முனை. அதற்குக் கால் என்று பேர் வைத்தோம். அகலமான பக்கத்தில் இரண்டு இடுக்கு. அது பை. கீழ்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரிடமிருந்து ஆளுக்கு ஒரு காலை, மேலே இருக்கிறது தன் பைக்குள் வாங்கிக்கொள்கிறது. அப்படிப் பின்னிப் பின்னி மேலே போகிறது. இவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கை துறுதுறுவென்றது. உதிர்ந்ததைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன். ஆனால் துண்டுகள் போதவில்லை. அம்மா கோந்து தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி ஒரு கை அள்ளிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கப்பல் விட்டிருந்தான்.

புதிதாக மடிக்க வேண்டும் என்றேன். அம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

"காலைலேர்ந்து கடையில மடிச்சுக்கினுதான் கெடக்கறேன். வூட்டுக்கு வந்தும் மடிப்பா?"

சொல்லிக்கொண்டே ஒரு முக்கோணத்தை எடுத்து மெதுவாகப் பிரித்தாள். கடைசியில் அது ஒரு சின்னச் செவ்வகமாக விரிந்தது. அதன்மேல் கோடு கோடாக மடிப்புத் தடம். அந்தத் தடத்திலேயே திரும்பிப் போனோம். நீளவாக்கில் இரண்டாக மடிப்பு. நடுவில் ஓர் அடையாளம். இரண்டு பக்கத்தையும் நடுவுக்கு இறக்கினால் ஓலைக் கூரை மாதிரி வரும். திருப்பிப் போட்டு, கீழே தொங்குகிற இரண்டு வாலின் ஓர மூலைகளை உள்ளே மடக்கி, வாலை மேலே தூக்கி, கடைசியாக மொத்தத்தையும் நடுவில் சேர்த்து மடித்தால் முக்கோணம். நான் முதலில் செய்தது ஒரு பக்கம் நீண்டு, கசங்கி, வேர்வையில் ஊறிப்போயிருந்தது. அம்மா செய்தது கொஞ்சம் பரவாயில்லை. இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று செருகினோம். செருகிக்கொண்டது. அம்மா அதை ஆட்டிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். விழவில்லை. அவள் முகத்தில் வந்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்த ஞாபகம் இல்லை.

என் நோட்டில் கிழித்த தாள் தொளதொளவென்று இருந்தது. ஆடித் தள்ளுபடிக்காகக் கடையில் அடித்து வைத்திருந்த நோட்டீஸ் நினைவுக்கு வந்தது அம்மாவுக்கு. ரோஸ் நிறத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, நல்ல விறைப்பு. மறுநாள் சாப்பாட்டுப் பையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். வேலை முடிந்து போகிற பெண்களின் பையைக் கடை வாசலில் பிரித்துப் பார்ப்பது வழக்கம். சூபர்வைசர் டிபன் பாக்ஸைத் தூக்கிவிட்டு, இத்தனை நோட்டீஸ் எதற்கு என்று கேட்டாராம். தெருவில் கொடுக்கத்தான் சார் என்று வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அவர் மற்றவர்களைக் கூப்பிட்டு, பாருங்கள், இதுதான் விசுவாசம் என்று சொல்லி, ஒரு முழுக் கட்டையே எடுத்துக் கொடுத்தாராம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா அன்றைக்கு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

எனக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. கணக்கு வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் மடித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் அதை யாருக்கோ கொடுக்கிற துண்டுச் சீட்டு என்று நினைத்துப் பிடுங்கினார். எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கப்போவதாகச் சொல்லிப் பிரித்து, "பட்டுப் புடவைகளுக்கு மாபெரும்" என்று உரக்க வாசித்துவிட்டு நிறுத்தினார். வகுப்பே சிரித்தது. அதற்காகவே என்னை வெளியே நிற்க வைத்தார். வெளியே நின்றதும் நல்லதாகப் போயிற்று. பாவாடைப் பாக்கெட்டில் இருந்த மிச்சத் தாளையும் மடித்து முடித்தேன்.

மடிப்பு கை வந்துவிட்டது. கட்டுவதுதான் வரவில்லை. முதல் வரிசையை வட்டமாக நிறுத்தி அடுத்ததை வைக்கும்போது, ஒரு பக்கம் செருகினால் மறுபக்கம் விரிந்து சரியும். நான் இரண்டு தடவை அழுதேன். அம்மா அழவில்லை. ஒற்றை வரிசையாக நிறுத்தவே வேண்டாம், முதல் மூன்று வரிசையையும் சேர்த்துத் தரையில் பாய்போலப் பின்னிக்கொண்டே போகலாம், கடைசியில் வளைத்து முனையோடு முனையைச் சேர்க்கலாம் என்று அவளுக்குத்தான் தோன்றியது. சேர்த்ததும் உள்ளே விரலைக் கொடுத்து மெல்லத் தள்ளினாள். அது கிண்ணம்போலக் குழிந்து நின்றது. கையை எடுத்தாள். அப்போதும் நின்றது. அன்றைக்குக் குழம்பு வைக்கவில்லை. ரசத்தோடு முடித்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை அன்னம் எழுந்தது. பழைய வெள்ளைத் துண்டுகள் ஒரு பக்கம், ரோஸ் நோட்டீஸ் ஒரு பக்கம், இடையிடையே என் நோட்டின் நீலக்கோடு. வால் பக்கத்தில் "தள்ளு" என்ற எழுத்து தெரிந்தது. கழுத்து வளைந்து நின்றது. மார்பு மட்டும் புடைக்காமல் ஒடுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடையில் அவள் மடித்தது எதுவும் அரை நாள் மடிப்பாக இருந்ததில்லை. இதை யாரும் பிரிக்கமாட்டார்கள் என்று அவள் நினைத்திருப்பாள் என்று இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை அப்பா வந்தார். கவரைத் தூக்கி, அடியில் இருந்ததைப் பார்த்தார். அப்புறம் மெதுவான குரலில்தான் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. இவ்வளவு பெரிய இடத்திலிருந்து மதித்துக் கொடுத்த பொருளை இப்படியா பண்ணி வைப்பது, அவர்கள் என்ன நினைப்பார்கள், நம்மைப் பற்றி எல்லோரும் நினைக்கிறது சரிதான் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா என்றார். அம்மா நடந்ததைச் சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. அன்னத்தைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளறையில் பீரோவின்மேல் வைத்துத் தோளில் கிடந்த துண்டைப் போட்டு மூடினார். மேடம் கேட்டால் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெயிலில் சிவந்துபோய் வந்தார்கள். அதிகாரி உயரமாக, அமைதியாக இருந்தார். அந்த அம்மாவுக்கு என் அம்மா வயதுதான் இருக்கும். குட்டையான முடி, கையில் ஒரு விசிறி. வாசலில் நிற்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தார். அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த நாற்காலியைக் காட்டினார். அவர் சிரித்துவிட்டு, அதைத் தாண்டிப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதிகாரியும் உட்கார்ந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அப்பா மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

நானும் அப்பாவும் பரிமாறினோம். கோழிக் குழம்பின் காரத்தில் அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே அந்த அம்மா டி.வி. பெட்டியைப் பார்த்தார். அப்புறம் அப்பாவைப் பார்த்து, இடது கையைத் தூக்கிக் கழுத்துபோல வளைத்துக் காட்டினார். அன்னம் எங்கே என்று கேட்கிறார்.

"சேஃப், மேடம். வெரி சேஃப்," என்றார் அப்பா.

அப்போது சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போனாள். பீரோமேலிருந்து அன்னத்தை எடுத்து, ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக்கொண்டு வந்து, அந்த அம்மா எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒடச்சது நான்தான். நானும் எம் பொண்ணும் திரும்பக் கட்டுனோம். சொல்லுங்க அவங்க கையில."

அப்பா சொல்லவில்லை. அந்த அம்மா இலையைத் தள்ளி வைத்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அன்னத்தைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். ரோஸ் துண்டுகளைத் தடவினார். வாலில் இருந்த எழுத்தைப் பார்த்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு கழுத்தைப் பிடித்து இழுத்தார். கழுத்து வந்துவிட்டது. அடுத்தது சிறகு. அடுத்தது மார்பு. ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துத் தட்டில் போட்டார்.

அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்பா, சாரி மேடம், சாரி மேடம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த அம்மா பிரிப்பதை நிறுத்தவில்லை. அடிவரிசை வந்ததும் ஒரு துண்டை எடுத்து, அதன் நீளப் பக்கத்தைத் தொட்டு, வெளியே பார்க்க வேண்டும் என்று விரலால் காட்டினார். நாங்கள் பாதியை உள்ளே பார்க்க வைத்திருந்தோம். மார்பு ஒடுங்கியது அதனால்தான். சரியாகத் திருப்பி ஒன்றை வைத்தார், இரண்டை வைத்தார். அடுத்த துண்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, தன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அம்மா வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். செருகினாள். அந்த அம்மா கைதட்டினார்.

அதற்கப்புறம் எங்களை எல்லாம் அவர்கள் இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். துண்டு போதாமல் நோட்டீஸ் கட்டைக் கொண்டுவரச் சொன்னாள் அம்மா. ஸ்பூன் முதுகால் அம்மா மடிப்பை அழுத்துவதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவும் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கொரிய மொழியில் பேசினார், அம்மா தமிழில் பேசினாள். "இல்லமா, அது வுழுந்துடும், இப்பிடி புடி" என்று அம்மா அவரிடம் சொன்னதை நான் காதால் கேட்டேன். தம்பி அவர் மடியில் ஏறி உட்கார்ந்திருந்தான். அதிகாரி அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று ஏதோ சொன்னார். இங்கே கம்பெனி கொடுத்த வீட்டில் மனைவி நாள் முழுக்கத் தனியாகவே இருந்தாராம். பேச ஆளில்லாமல் மடித்துக்கொண்டே இருந்தாராம். அலமாரி முழுக்கப் பறவைகள், கூட உட்கார்ந்து மடிக்கத்தான் யாரும் கிடைக்கவில்லை என்றாராம். இதை அப்பா பல வருஷம் கழித்துத்தான் எங்களுக்குச் சொன்னார்.

வெயில் தாழ்ந்த பிறகே கிளம்பினார்கள். அந்த அம்மா எங்கள் அன்னத்தில் பாதி கட்டியதை அம்மாவிடமே விட்டுவிட்டு, நோட்டீஸில் தான் மடித்த ஒரு கைப்பிடி முக்கோணங்களைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. அப்பாவுக்கு வேலை பெர்மனென்ட் ஆகவில்லை. அதைச் சொல்கிற அதிகாரம் அந்த மனிதருக்கு இல்லவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. அம்மா அந்த வருஷம் பூரா மடித்தாள். மயில் செய்தாள், அன்னாசிப்பழம் செய்தாள். ஒரு கல்யாணத்துக்குச் சீர்வரிசைத் தட்டு அலங்காரம் செய்யக் கூப்பிட்டார்கள். பிறகு இன்னொன்று. தாம்பூலத் தட்டுக்கு நடுவில் அவள் அன்னம் நிற்பதைப் பார்க்கவே ஜனம் வரும். பட்டுக் கடைக்கு அவள் இப்போது போனால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, பிரித்துக் காட்டச் சொல்லிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு மடிப்பவருக்கு ஒரு கை கொடுத்துவிட்டுத்தான் எழுந்து வருகிறாள்.

ஆனால் என் நினைவில் நிற்பது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான். அப்பா அவர்களை விட்டுவிட்டுத் திரும்பியபோது விளக்கு வைக்கிற நேரம். அவர் மத்தியானம் சாப்பிடவே இல்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்து, சோறு போடச் சொன்னார். அம்மா கூடத்தின் நடுவில் இருந்தாள். வட்டத்தைச் சேர்க்கிற கடைசி இடம், இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இப்ப கைய எடுத்தா சரிஞ்சுடும். சட்டியில இருக்குது, நீங்களே போட்டுக்கினு சாப்புடுங்க."

அப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டிருக்கமாட்டார். பிறகு எழுந்து உள்ளே போனார். தட்டு உருளுகிற சத்தம், மூடி விழுகிற சத்தம் கேட்டது. தட்டோடு வெளியே வந்தவர் சுவரோரம் போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விரலைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"நீ துன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். அப்பா ஒரு கவளம் உருட்டி அவள் வாயருகே நீட்டினார்.

"புள்ளைங்க பாக்குதுங்க," என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அம்மா.

அப்பா கையை இறக்கவில்லை. அம்மா எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் வாயைத் திறந்தாள். வட்டத்தைப் பிடித்திருந்த கையை மட்டும் எடுக்கவே இல்லை.